'ஃபன்னி பாய்' நாவலும் திரைப்படமும்: எங்கள் வாசிப்புக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மாலையில், பத்துப் பன்னிரண்டு தமிழர்கள் கூடி நூல்களை வாசித்துப் பேசி வருகிறோம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குழுவுக்குப் புதிதாக வருபவர்களும், தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர்களும் இந்த ஒரு நூலைப் பற்றித்தான் மிகுதியாகக் கேட்கிறார்கள் என்பதால், அவர்களுடைய கேள்விகளையும் என் விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த நூல்? எந்தப் படம்?

ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியான 'ஃபன்னி பாய்' நாவல். அதை இயக்குநர் தீபா மேத்தா 2020இல் அதே பெயரில் படமாக்கினார். திரைக்கதையை அவரும் செல்வதுரையும் சேர்ந்து எழுதினார்கள். செல்வதுரை 1965இல் கொழும்பில், தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர்; 1983 கலவரத்திற்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

கதை என்ன?

கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் வளரும் ஆர்ஜி என்ற சிறுவன், ஏழு வயதிலிருந்து ஏறக்குறைய பதினான்கு வயது வரை, தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்களின் காதலையும் அச்சத்தையும் பிடிவாதத்தையும் பார்த்துப் பார்த்து, தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்பதை மெல்ல உணர்கிறான். வீட்டுக்குள் அவனுக்கு இது தெளியத் தெளிய, வெளியே நாடு எரியத் தொடங்குகிறது. பள்ளியில் ஷெஹான் என்ற சிங்கள மாணவன் மீது அவன் காதல் கொள்கிறான். 1983 ஜூலையில் அவர்கள் வீடு எரிக்கப்படுகிறது. குடும்பம் நாட்டை விட்டுப் போகிறது.

முடிவைச் சொல்லிவிட்டீர்களே, இனி வாசிப்பில் என்ன சுவை இருக்கும்?

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இந்த நூலைக் கையில் எடுக்கும் தமிழர் எவருக்கும் தெரிந்ததே. தெரிந்துகொண்டு படிப்பதனால்தான், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுகள் நிறைந்த தொடக்கப் பக்கங்கள் நம் நெஞ்சைப் பிசைகின்றன.

தலைப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

'ஃபன்னி' என்ற சொல்லுக்கு 'சிரிப்பூட்டுவது' என்றும் 'விசித்திரமானது' என்றும் இரு பொருள் உண்டு. தன்னைக் குறித்துத் தந்தை அந்தச் சொல்லைச் சொன்னபோது, தனக்குத் தெரிந்த இரண்டு பொருளில் எதுவும் அங்கே பொருந்தவில்லை என்றும், அதைச் சொன்ன குரலில் ஏதோ அருவருப்பு இருந்தது என்றும் சிறுவன் ஆர்ஜி குழம்புகிறான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் பேசினோம். கடைசியில், தாராவியிலிருந்து வரும் ஒரு மூத்த உறுப்பினர், "நம்ம வீடுகள்ல 'பையன் ஒரு மாதிரி'ன்னு சொல்லுவோமே, அதுதான் இது" என்றார். கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 'ஒரு மாதிரி' என்பதில் வசைச்சொல் எதுவும் இல்லை, ஆனால் கேட்கிற குழந்தை அது வசை என்பதைக் கண்டுகொள்ளும். அந்தத் தொடரைவிட இந்தத் தலைப்புக்கு நெருக்கமான தமிழ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இது நாவலா, சிறுகதைத் தொகுப்பா?

ஆறு கதைகளால் ஆன நாவல். ஒவ்வொன்றையும் தனியாக வாசிக்கலாம். வரிசையாக வாசித்தால்தான் ஆர்ஜி வளர்வது தெரியும்.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் வாசிக்க முடியுமா?

முடியும். வாக்கியங்கள் எளியவை. அம்மாச்சி (இந்த நாவலில் தந்தையின் தாய்), அப்பாச்சி (தந்தையின் தந்தை) போன்ற உறவுப் பெயர்கள் தமிழாகவே நிற்கின்றன. எங்கள் குழுவில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுத் தையல் வேலை செய்யும் ஒரு பெண், நாளுக்கு நான்கு பக்கம் என்று வைத்துக்கொண்டு முழு நூலையும் முடித்தார். அவர் அகராதி பார்த்த சொற்களைவிட, பார்க்காமலே பொருள் ஊகித்த சொற்கள்தாம் அதிகம்.

முதலில் நூலா, படமா?

நூலை முதலில் வாசியுங்கள் என்றே சொல்வேன். காரணம், நாவலில் பேசுவது வளர்ந்துவிட்ட ஆர்ஜி. சிறுவனுக்கு அன்று புரியாததைப் பெரியவன் இன்று புரிந்துகொண்டு, ஆனாலும் அவசரப்பட்டு விளக்கம் சொல்லாமல், அந்தப் பழைய குழப்பத்தை அப்படியே நம் கையில் வைக்கிறான். அந்த இரட்டைக் குரலை வாசிப்பில் பழகிக்கொண்டபின் படத்தைப் பார்த்தால், நடிகர்களின் முகத்தில் ஓடும் சின்னச் சின்ன மாறுதல்களுக்குக்கூடப் பொருள் தெரியும். படத்தை முதலில் பார்த்துவிட்டவர்கள் வருந்த வேண்டியதில்லை. முதல் கதையை மட்டுமாவது வாசித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

முதல் கதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லோரும் அப்பாச்சி, அம்மாச்சி வீட்டில் கூடுகிறார்கள். ஆண்பிள்ளைகள் வெளியே கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெண்பிள்ளைகளோடு பின்கட்டில் கல்யாண விளையாட்டு ஆடும் ஆர்ஜிதான் எப்போதும் மணப்பெண். பழைய வெள்ளைப் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தலையில் துணியும் பூவும் வைத்துக்கொள்ளும்போது, தன்னைவிடப் பெரிய, அழகிய ஒருவராகத் தான் மாறிவிடுவதாக அவனுக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை அந்த இடத்துக்குப் போட்டியிட, சண்டை முற்றி, அவளுடைய தாய் ஆர்ஜியைப் புடவையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் நடுவில் நிறுத்துகிறாள். அங்கேதான் 'ஃபன்னி' என்ற சொல் வருகிறது.

எனக்கு அதைவிட வலித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. அம்மா வெளியே கிளம்பப் புடவை கட்டும்போது அருகில் இருந்து பார்ப்பது ஆர்ஜிக்கு மிகுந்த இன்பம். அந்த ஞாயிறுக்குப் பிறகு, அம்மா அவனை அறைக்குள் விடுவதில்லை. பெண்பிள்ளைகளோடு இனி ஏன் விளையாடக் கூடாது என்று கேட்கும் பிள்ளைக்கு, வானம் உயரமாக இருப்பதாலும் பன்றிகளால் பறக்க முடியாததாலும் என்று ஒரு விடை கிடைக்கிறது. அவளுக்கே காரணம் தெரியவில்லை, அவளுக்கே அதில் விருப்பம் இல்லை என்பதை ஆசிரியர் அந்த ஒரு விடையிலேயே காட்டிவிடுகிறார்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது, மாட்டுங்காவில் ஏதாவது கல்யாணம் என்றால், நான் நிலைக்கண்ணாடி முன் நிற்கையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் நான்கு ஊக்குகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். கீழே குந்தி உட்கார்ந்து கொசுவத்தின் அடி மடிப்புகளைச் சீராக இழுத்துவிடுவான். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு அவன் கை பட்டால்தான் மடிப்பு நிற்கும். வாசலில் நின்று பார்த்த என் மாமியார் ஒரு நாள், "இவன் ஒரு மாதிரி வர்றான், பாத்துக்கோ" என்றார். அடுத்த கல்யாணத்திற்கு நான் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அவன் கேட்கவில்லை, கதவுக்கு வெளியே ஊக்குப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தான். தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இருபத்தேழு வயதில் அவன் இந்த நூலைக் கொண்டுவந்து, "அம்மா, முதல் கதைய மட்டும் படிங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்றான். படித்தேன். பிறகு பேசினோம்.

இலங்கை அரசியல் தெரியாமல் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் நான்கு ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் நூல் இன்னும் ஆழமாகத் திறக்கும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958இல் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்தது. நாவலில் அம்மாச்சியின் தந்தை அதில் கொல்லப்பட்டவர், அதனால்தான் தன் மகள் ராதா ஒரு சிங்களரைக் காதலிப்பதை அவளால் தாங்க முடிவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு மக்கள் கொல்லப்பட்டார்கள். நாவலின் கடைசிக் கதை அந்த நாள்களின் நாட்குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதுவரை ஆற அமரச் சொல்லி வந்த குரல் அங்கே தேதிகளாக உடைந்துவிடுகிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு வாசலும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராக முழக்கங்கள் எழுந்து, கடைகள் தாக்கப்பட்ட காலத்தில், பெயர்ப்பலகையைக் கழற்றிப் பரணில் போட்ட தந்தையர் எங்கள் குழுவினரின் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். கொழும்பில் நடந்ததற்கு அது ஒருபோதும் ஈடாகாது. என்றாலும், பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அவனைச் சிங்கள வகுப்பில் சேர்க்கும் ஆர்ஜியின் தந்தையை, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளை வளர்த்துவிட்ட நாங்கள் எளிதில் குறை சொல்லிவிட முடியவில்லை.

இது தமிழரின் துயரக் கதையா, தன்பாலீர்ப்புள்ள ஒரு பையனின் கதையா?

இரண்டையும் பிரித்தெடுக்க இந்த நூல் இடம் கொடுப்பதில்லை என்பதே என் உறுதியான கருத்து. ராதா அத்தையின் காதல் இனத்தால் முறிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் ரயிலில் அவள் தாக்கப்பட்டபின், வீட்டார் பார்த்த மாப்பிள்ளைக்கே கழுத்தை நீட்டுகிறாள். யார் யாரை நேசிக்கலாம் என்று ஊர் முடிவு செய்வதை முதலில் அவளிடம்தான் ஆர்ஜி பார்க்கிறான். பின்னால் தன் காதலுக்கும் அதே விதி காத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்போது, பாலும் இனமும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக முறுகி நிற்கின்றன. தமிழர் துயரத்திற்காக மட்டும் இதை வாசிப்பவர்களும், காதலுக்காக மட்டும் வாசிப்பவர்களும் பாதி நூலைத்தான் வாசிக்கிறார்கள்.

பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி செய்தது சரியா?

எங்கள் குழுவில் குரல் உயர்ந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். மகனை 'ஆம்பிளை' ஆக்குவதற்காகத் தந்தை சேர்த்துவிடும் பள்ளியில், முதல்வர் மாணவர்களைக் கொடுமையாகத் தண்டிப்பவர். ஷெஹானை அவர் படுத்திய பாடு ஆர்ஜிக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அதே முதல்வர்தான், பள்ளியைச் சிங்களப் பௌத்தப் பள்ளியாக மாற்ற நினைக்கும் துணை முதல்வருக்கு எதிரே நிற்பவர். அவர் வீழ்ந்தால் தமிழ் மாணவர்களுக்குத்தான் கேடு. விழாவில் ஆர்ஜி இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிக்க வேண்டும். அவற்றைப் போற்றிப் பேசித்தான் முதல்வர் தம் பதவியைக் காத்துக்கொள்ளப் போகிறார். ஆர்ஜி மேடையில் வேண்டுமென்றே வரிகளைக் குலைக்கிறான்.

தமிழினத்துக்குத் துரோகம் செய்துவிட்டான் என்றார் ஒருவர். ஒரு குழந்தையை வெயிலில் முழங்காலிட வைக்கும் காவலன் நமக்குத் தேவையில்லை என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம். நாற்பது மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் காத்த அனுபவத்தில் சொல்கிறேன்: தன்னை நேசிப்பவன் அடிபடும்போது பெரிய கணக்கைப் போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையைவிட, மேடையில் தடுமாறுவதுபோல் நடிக்கத் துணிந்த பிள்ளையை நான் நம்புவேன். ஆனாலும் அந்தச் செயலுக்கு ஒரு விலை உண்டு என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. வீட்டாரின் உலகத்திலிருந்து தான் வெளியேறிவிட்டதை அன்று ஆர்ஜி உணர்கிறான், அவர்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றாலும்.

படத்தில் வரும் தமிழ் சரியில்லை என்கிறார்களே?

அந்தக் குறை உண்மையானது. முக்கிய வேடங்களில் நடித்த பலர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இல்லை. முன்னோட்டம் வெளியானபோதே உச்சரிப்பைக் கேட்டுப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் கொதித்தார்கள். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பும் விடுத்தார்கள். அதன்பின் தமிழ் வசனங்கள் மீண்டும் குரல்பதிவு செய்யப்பட்டன. மொழிக்காக ஒடுக்கப்பட்ட மக்களின் கதையில் அந்த மொழியே பிசகியது சிறு பிழையன்று. அவர்களின் சினம் எனக்கு முழுவதும் நியாயமாகப்படுகிறது. படத்தை நாங்கள் பார்த்ததற்குக் காரணம், கதை செல்வதுரையுடையது, திரைக்கதையிலும் அவர் கை இருக்கிறது என்பதே.

மொழியால் இந்தப் படத்திற்கு வேறொரு தடையும் வந்தது. வேற்றுமொழிப் படங்களுக்கான ஆஸ்கர் பிரிவுக்குக் கனடா இதை அனுப்பியபோது, ஆங்கில வசனங்கள் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லித் தகுதி மறுக்கப்பட்டது.

அப்படியானால் படத்தில் ரசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. படப்பிடிப்பு இலங்கையிலேயே நடந்ததனால், கடலும் வெயிலும் தோட்டமும் நாவலில் நாம் கற்பனை செய்ததற்கு உடல் கொடுக்கின்றன. சிறுவன் ஆர்ஜியாக அருஷ் நந்தும், வளர்ந்தவனாக பிராண்டன் இங்ரமும் நடித்திருக்கிறார்கள். அம்மாவாக வரும் நிம்மி ஹரஸ்கமவின் முகத்தில், மகனைக் காக்கவும் வேண்டும், அடக்கவும் வேண்டும் என்ற தவிப்பை நாங்கள் எல்லோருமே கண்டோம். அம்மாச்சியாக சீமா பிஸ்வாஸ். ஹோவர்ட் ஷோரின் இசை அடங்கியே ஒலிக்கிறது. 2021இல் கனடாவின் திரை விருதுகளில் இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை ஆகியவற்றுக்குப் பரிசு கிடைத்தது.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு கதைகளும் முழுமையாக அடங்காது. நாவலில் கிளை பிரிந்து நிழல் தரும் பகுதிகள் படத்தில் ஒடுங்கிவிட்டன. அது எனக்குக் குறையாகவே தெரிகிறது.

தீபா மேத்தாவின் பெயர் இந்நகரத்தாருக்குப் புதிதன்று. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன அவருடைய 'ஃபயர்' படம் ஓடிய திரையரங்குகள் 1998 டிசம்பரில் மும்பையிலும் தில்லியிலும் தாக்கப்பட்டன. அன்று ஊர் முழுவதும் அதைப் பற்றிப் பேசியபோது நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதே இயக்குநரின் படத்தை என் வீட்டுக் கூடத்தில் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எந்த வயதினர் வாசிக்கலாம், பார்க்கலாம்?

நூலைப் பதினைந்து, பதினாறு வயதிலிருந்து வாசிக்கலாம். காதல் காட்சிகள் சில வரிகளே, வன்முறைதான் கனமானது. படத்தையும் அதே வயதினரோடு பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்ப்பது நல்லது.

என் மகன் இந்த நூலைப் படிக்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் தணிந்த குரலில், பெரும்பாலும் கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறார்கள். நூலை வாசிப்பதால் யாருக்கும் தன்பாலீர்ப்பு வருவதில்லை; முன்பே இருக்கிற ஒருவனுக்குத் தான் தனியன் இல்லை என்ற ஆறுதல் வரும், இல்லாதவனுக்குப் பிறர் வலி புரியும். உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லும் சிகிச்சையை, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. ஆகவே யாரிடமும் அழைத்துக்கொண்டு ஓட வேண்டாம். அவன் படித்து முடித்தபின் நூலை வாங்கி நீங்களும் படியுங்கள். அவனாகச் சொல்லும்வரை எதையும் துருவிக் கேட்க வேண்டாம். கதவு தாழிடாமல் இருந்தால் போதும்.

பேச வேறொரு தாயோ தந்தையோ வேண்டுமென்றால், மும்பையில் 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் குழு இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட ஹம்சஃபர் டிரஸ்டும் ஆலோசனை தருகிறது. இந்தியிலோ மராத்தியிலோ பேசத் தயங்குபவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், தமிழிலேயே பேசுவோம்.

உரையாடும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

'தன்பாலீர்ப்பு', 'தன்பாலீர்ப்பாளர்' என்பவை எங்களுக்குப் பழகிவிட்டன. பழைய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒருவருடைய மனத்தையும் வாழ்வையும் விட்டுவிட்டு உடலுறவை மட்டும் சுட்டுவதால் அதைத் தவிர்க்கிறோம். மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் வந்தபோது, இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் இவற்றில் ஒரு சொல்லைக்கூட நான் உச்சரித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இது சட்டப்படி குற்றம் இல்லையா?

இல்லை. வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று விடுவித்தது. நாவல் வெளியான 1994இல் இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளையர் காலச் சட்டங்கள் அப்படியே நின்றிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், செல்வதுரை எவ்வளவு துணிந்து எழுதினார் என்பது விளங்கும்.

இதுபோன்ற படங்களை மும்பையில் திரையரங்கில் பார்க்க முடியுமா?

2010 முதல் நடந்துவரும் 'காஷிஷ்' திரைப்பட விழாவுக்குச் செல்லுங்கள். மெரின் லைன்ஸ் அருகே உள்ள பழைய லிபர்ட்டி திரையரங்கில் பல ஆண்டுகள் அது நடந்தது. என் மகன் என்னை முதன்முதலில் அழைத்துச் சென்றபோது, முன்வரிசையில் புடவை கட்டிய என் வயதுப் பெண்கள் சிலர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

அடுத்து எதை வாசிக்கலாம்?

செல்வதுரையின் 'சினமன் கார்டன்ஸ்' (1998) 1920களின் கொழும்பில் நடப்பது. மனைவியும் மகனும் உள்ள ஒரு தமிழர், தான் முன்பு நேசித்த ஆணை மீண்டும் சந்திக்கிறார். இளையவர்களுக்கு 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ' (2005) பொருத்தமானது. நாங்கள் இப்போது 'சினமன் கார்டன்ஸ்' நூலைத் தொடங்கியிருக்கிறோம். கையில் ஒரே படிதான் இருப்பதால் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். சென்ற சனிக்கிழமை படித்தவன் என் மகன்.